தலையெழுத்தா? ஓரெழுத்தா?

"மலையில் மோதிற்று விமானம், மாண்டனர் மக்கள்" என்று ஒரு செய்தி வந்துவிட்டால் போதும். திண்ணையிலே வெற்றிலை மெல்லும் பெரியவர் முதல், தேநீர்க் கடையிலே செய்தித்தாளை விரித்துப் படிக்கும் இளைஞர் வரையில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். "என்ன செய்வது, அவர்கள் தலையிலே அப்படி எழுதியிருக்கிறது" என்பது ஒரு தீர்ப்பு. "ஓட்டியவனுக்கு மூளை இல்லை" என்பது இன்னொரு தீர்ப்பு. முன்னது ஆண்டவன் மீது போடும் பழி. பின்னது மாண்டவன் மீது போடும் பழி. வசதி என்னவென்றால், இருவருமே எழுந்து வந்து மறுப்புரை தரப் போவதில்லை!

இந்த இரண்டு தீர்ப்பும் விமானக் கம்பெனிக்கு இனிக்கும். கருவி செய்து விற்றவனுக்கும் இனிக்கும். அரசாங்கத்துக்கோ, கேட்கவே வேண்டாம், தேன்! குற்றத்தைச் செத்தவன் மார்பிலே கட்டிப் பாடையோடு அனுப்பிவிட்டால், இருப்பவர்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம்!

தோழர்களே! நான் விமானியின் முன்னறையைக் கண்டவனல்ல. பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனால் விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பதற்குப் பெரிய பட்டம் ஒன்றும் தேவையில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவனுக்கும் அவை ஒரு உண்மையைக் காட்டும். வானத்திலே வைத்து விமானத்தைக் கொல்வது அரிது. இறங்கும்போதுதான் அது சாகிறது. நல்ல விமானம், நல்ல இயந்திரம், நல்ல எண்ணெய், அனுபவம் மிக்க விமானி, எல்லாம் சரியாக இருக்கும். இருக்கும் இடம் மட்டும் தவறாக இருக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்று அறியாமலே, முழுக் கட்டுப்பாட்டோடு, ஒழுங்காக, அமைதியாக, மலையை நோக்கி இறங்கிச் செல்லும். தன் வீட்டுத் திண்ணை என்று நினைத்துக் கிணற்றிலே கால் வைப்பவனைப் போல!

ஒரே ஒரு எழுத்தால் அப்படி 159 பேர் மாண்ட கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1995 டிசம்பர் 20. கிறிஸ்துமஸுக்கு நான்கைந்து நாள் முன்பு. அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து, தென் அமெரிக்காவிலே உள்ள கொலம்பியா நாட்டின் காலி நகருக்குப் புறப்படுகிறது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியின் 965-வது எண் விமானம். போயிங் 757 வகை. பயணிகள் 155 பேர். பணியாளர்கள் 8 பேர். பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்கள் மிகுதி. புறப்படும்போதே இரண்டு மணி நேரத் தாமதம்.

காலி நகரம் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கு. இருபுறமும் ஆண்டிஸ் மலைத்தொடர், 14,000 அடி வரை எழுந்து நிற்கும் மதில்கள். விமான தளமோ ஏறத்தாழ 3,000 அடியில், தரையோடு தரையாக. வடக்கிலிருந்து வருகிற விமானம், இரண்டு மதிலுக்கும் நடுவே, குறுகலான சந்துக்குள்ளே மாட்டு வண்டி நுழைவது போல, பார்த்து நுழைய வேண்டும். அதுவும் இரவிலே. பகலில் மலை தெரியும். இரவில் மலை என்பது விண்மீன் இல்லாத வானம், அவ்வளவுதான்.

அந்தத் தளத்திலே ராடார் இருந்ததா? முன்பு இருந்தது. 1992-ல் கொரில்லாக்கள் அதைத் தகர்த்துவிட்டார்கள். மூன்றாண்டுகள் ஆகியும் அந்தக் குருட்டுக் கண்ணுக்கு வைத்தியம் நடக்கவில்லை. எனவே கீழே இருக்கும் கட்டுப்பாட்டாளருக்கு விமானம் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. விமானி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. குருடனுக்குக் குருடன் வழி கேட்ட கதை.

தெற்கே சென்று வளைந்து திரும்பி இறங்குவது என்பதுதான் முதலில் போட்ட திட்டம். கட்டுப்பாட்டாளர் வானொலியில் கேட்கிறார்: "காற்று அமைதியாக இருக்கிறது, நேராக 19-ம் ஓடுபாதையிலேயே இறங்குகிறீர்களா?" நல்ல எண்ணத்தோடு கேட்ட கேள்விதான். இரண்டு மணி நேரம் தாமதப்பட்டு வருகிற விமானிகளின் காதிலே அது தேனாகப் பாய்ந்தது. "சரி" என்றார்கள்.

அந்தச் "சரி"க்கும் சாவுக்கும் இடையிலே ஏறத்தாழ ஐந்தே நிமிடம்!

நேராக இறங்குவதென்றால் உயரத்தை விரைவிலே குறைக்க வேண்டும். இறக்கைகளின் மேலே நிமிர்ந்து நின்று காற்றைத் தடுக்கும் வேகத்தடைத் தகடுகளை நிமிர்த்தினார்கள். புதிய இறங்கு வழிக்கு வரைபடம் தேடினார்கள். கணிப்பொறியில் புதிய வழியைப் பதிய வேண்டும். ஓடுபாதைக்குப் புதிய ஏற்பாடு செய்ய வேண்டும். வானொலியில் பதில் சொல்ல வேண்டும். ஒருவர் கையிலே பத்து வேலை. தலைமை விமானி 13 முறை காலிக்கு வந்தவர். அன்று விமானத்தைச் செலுத்திக் கொண்டிருந்த துணை விமானிக்கோ அந்த ஊர் புதிது.

இதற்கு முன்பே ஒரு சிக்கல் நேர்ந்திருந்தது. "காலிக்கு வர அனுமதி, தூலுவா வந்ததும் சொல்லுங்கள்" என்று பொருள்படக் கட்டுப்பாட்டாளர் சொல்லியிருந்தார். நேரே காலிக்குச் செல்லலாம் என்று புரிந்துகொண்ட தலைமை விமானி, கணிப்பொறியிலே "நேரே காலி" என்று பதிந்தார். அந்தக் கணிப்பொறியின் அறிவு எப்படிப்பட்டது தெரியுமா? "நேரே" என்று சொன்னதும், வழியில் இருந்த ஊர்களை எல்லாம் துடைத்தெறிந்துவிட்டது! தூலுவா திரையிலிருந்து மறைந்தது. தூலுவாவைச் சொல் என்கிறார் கீழே இருப்பவர். தூலுவாவைத் தேடுகிறார்கள் மேலே இருப்பவர்கள். அவர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் தூலுவா முதுகுப்புறம் போய்விட்டது. கடந்துபோன ஊருக்கு வழி தேடிக்கொண்டு முன்னே பறக்கிறது விமானம்.

தூலுவாவை விட்டுவிடுவோம், ஓடுபாதைக்கு அருகிலே உள்ள ரோஸோவுக்கு நேராகப் போவோம் என்று முடிவு செய்தார்கள். ரோஸோ என்பது வானொலிக் கலங்கரை விளக்கம். அது வீசும் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டு விமானம் வந்து சேரலாம். விமானியின் கையிலிருந்த வரைபடம், ரோஸோவின் அடையாளம் 'ஆர்' என்ற ஒற்றை ஆங்கில எழுத்து என்று அச்சிட்டுக் காட்டியது. கணிப்பொறியிலே அந்த எழுத்தைத் தட்டினார்கள்.

நம்முடைய இலக்கணத்திலே ஓரெழுத்து ஒருமொழி என்று உண்டு. 'தீ' என்றால் ஓரெழுத்துதான். ஆனால் தீ ஒன்றுதான். அங்கே நேர்ந்தது என்ன? கொலம்பியாவிலே 'ஆர்' என்ற அடையாளத்துக்கு இரண்டு கலங்கரை விளக்கங்கள்! ஒன்று காலிக்கு அருகே ரோஸோ. மற்றொன்று, நூறு மைலுக்கும் அப்பால், தலைநகர் பொகோட்டாவுக்கு அருகே ரோமியோ. 'ஆர்' தட்டியதும் கணிப்பொறி ஒரு பட்டியலைக் காட்டிற்று. பட்டியலின் தலையிலே ரோமியோ. ரோஸோ எங்கே? அந்தப் பட்டியலிலேயே இல்லை! ரோஸோ வேண்டுமானால் முழுப் பெயரையும் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டுமாம். அது எங்கே அச்சிட்டிருந்தது? விமானியின் கையில் இருந்த வரைபடத்தில் இல்லை. தாளிலே ஒரு பெயர், பெட்டியிலே ஒரு பெயர். பக்கத்து ஊர்தான் பட்டியலின் முதலில் வரும் என்று நம்பி, முதலில் இருந்ததை அழுத்திவிட்டார்கள்.

நம்மூர்ப் பேருந்திலே ஏறி, "ஒரு புதூர்" என்று சீட்டுக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டிலே புதூருக்கா பஞ்சம்? நடத்துனர் சும்மா கிழித்துக் கொடுத்துவிடுவாரா? "எந்தப் புதூர் ஐயா? சொல்லித் தொலையுமே!" என்று கடிந்துகொள்வார். அந்தக் கடிதலில் இருக்கும் கருணையை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். லட்சக்கணக்கான டாலர் விலைபெறும் அந்தப் பெட்டிக்கு, "பக்கத்திலே இறங்கப் போகிறவனே, நூறு மைல் தள்ளி மலைக்கு அப்பால் உள்ள ஊரைக் கேட்கிறாயே, சரிதானா?" என்று கேட்கிற நடத்துனர் புத்தி இல்லை. கேட்டதைச் செய்தது. இடப்பக்கம் திரும்பிற்று. கிழக்கே, மலையை நோக்கி. காதலன் பெயர் ரோமியோ. அன்று காலன் பெயர் ஆயிற்று.

ஒரு நிமிடம் போலத் திரும்பிக்கொண்டே இருந்தது விமானம். முன்னறையிலே இருவரும் குனிந்து தாளையும் பொத்தான்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏதோ பிசகு என்று உணர்ந்து வலப்பக்கம் திருப்பினார்கள். திருப்பியது சரி. ஆனால் பள்ளத்தாக்குக்கும் அவர்களுக்கும் நடுவே இப்போது மலை நிற்கிறதே! திருப்பினார்கள், இறங்குவதை நிறுத்தவில்லை. "எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, ஆகவே முதலில் மேலே ஏறுவோம்" என்று அந்த வேளையில் ஒருவர் சொல்லியிருந்தால், 159 குடும்பங்களில் அந்தக் கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸாக இருந்திருக்கும். அவர்கள் செய்த தவறுகளிலே மிகப் பெரியது இதுதான். இதை நான் மூடி மறைக்கப் போவதில்லை.

தரை நெருங்குவதை அறிவிக்கும் கருவி கூவிற்று: "தரை! தரை! மேலே இழு!" மோதுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும்போது! முழு விசையும் கொடுத்தார்கள்; மூக்கை நிமிர்த்தினார்கள். விமானம் ஏறவும் தொடங்கியது. ஆனால் இறங்குவதற்காக நிமிர்த்திய வேகத்தடைத் தகடுகள் நிமிர்ந்தபடியே இருந்தன. மடக்க மறந்தார்கள், விசை கொடுத்தால் தானாக மடங்கும் அமைப்பும் அந்த விமானத்தில் இல்லை. ஓட்டப்பந்தயக்காரன் காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு ஓடியது போலாயிற்று. எல் டெலுவியோ என்ற மலையின் உச்சிக்கு அருகே, ஏறத்தாழ 8,900 அடி உயரத்திலே மோதியது. தகடுகளை உடனே மடக்கியிருந்தால் உச்சியைத் தாண்டியிருக்கவும் கூடும் என்று பின்னர் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 163 பேரிலே 4 பேர் பிழைத்தார்கள்.

இனிச் சொல்லுங்கள், தோழர்களே! இதிலே தலையெழுத்து எங்கே இருக்கிறது? எழுத்து இருக்கிறது. தலையிலே அல்ல, வரைபடத்திலே, கணிப்பொறியிலே! பிரமன் எழுதியதல்ல, சம்பளம் வாங்கிக்கொண்டு மனிதர்கள் எழுதியது. மனிதர் எழுதியதை மனிதர் திருத்த முடியும்.

கீழே இருந்த கட்டுப்பாட்டாளரைப் பற்றி அறிக்கையிலே வரும் பகுதியைப் படித்தபோது நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். விமானிகள் வானொலியில் கேட்ட கேள்விகள் பொருளற்றவையாக அவருக்குப் பட்டன. தூலுவாவைத் தாண்டியிருக்க வேண்டியவர்கள் தூலுவாவுக்குப் போகலாமா என்கிறார்களே என்று அவர் மனம் உறுத்தியது. உறுத்தியதைச் சொன்னாரா? சொல்லவில்லை. ஏன்? சொல்ல மொழி இல்லை! அவர் மொழி ஸ்பானிஷ். வழக்கமான உத்தரவுகளைச் சொல்வதற்குத்தான் அவருக்கு ஆங்கிலம் இருந்தது. வந்தவர்கள் ஸ்பானிஷ் தெரிந்தவர்களாக இருந்திருந்தால், "நீங்கள் கேட்பது பொருந்தவில்லையே" என்று சொல்லியிருப்பேன் என்று அந்த மனிதர் விசாரணையாளர்களிடம் கூறினார்.

வானத்துக்கு ஒரு பொது மொழி வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. நூறு நாட்டு விமானம் ஒரே வானத்தில் பறக்கும்போது பொதுமொழி ஒன்று வேண்டும்தான். ஆனால் மனப்பாடம் செய்த முப்பது வாசகம் மொழி ஆகிவிடுமா? "இறங்கு", "ஏறு", "சரி", "அப்படியே" என்பதற்கு மனப்பாடம் போதும். "ஐயா, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்வதற்குத்தான் மொழி வேண்டும். உயிர் காப்பது இரண்டாவது வகைப் பேச்சு. காலி விபத்துக்கு மறு ஆண்டு, 1996 நவம்பர் 12 அன்று, டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி வானத்திலே என்ன நடந்தது? 15,000 அடியிலே நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கி, எதிரே ஏறி வந்த சவூதி விமானத்தோடு மோதியது. 349 பேர், ஒருவர் மிஞ்சவில்லை. அங்கும் கஜகஸ்தான் விமானிகளின் ஆங்கிலம் பற்றிப் பேச்சு எழுந்தது. இத்தனைக்கும் பிறகுதான், வானொலியில் பேசுகிறவருக்கு இத்தனையாவது தரத்தில் ஆங்கிலம் இருக்க வேண்டும் என்று உலக விமான அமைப்பு விதித்தது. 2008 மார்ச்சில் நடைமுறை என்றார்கள். பல நாடுகள் தயாராகவில்லை. 2011 வரை தவணை கொடுத்தார்கள். சவக்குழிக்குத் தவணை கிடையாது; சட்டத்துக்கு மட்டும் உண்டு.

"சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல மொழி இல்லாமல் தவித்தவரைப் பார்த்தோம். மொழி இருந்தும், சொல்லியும், கேட்பாரில்லாமல் போனவரும் உண்டு. அதற்குத் தென் அமெரிக்கா போக வேண்டாம், மங்களூர் போதும்.

2010 மே 22, விடியற்காலை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். வளைகுடாவிலே உழைத்துவிட்டு வீடு திரும்பும் மக்கள். 166 பேர் இருந்த விமானத்தில் 158 பேர் மாண்டார்கள். அங்கேயும் ராடார் வேலை செய்யவில்லை! இரண்டு நாள் முன்பிருந்தே நின்றுபோயிருந்தது. ராடார் இல்லாததால் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் இறங்க அனுமதி கிடைத்தது. தலைமை விமானியோ நெடுநேரம் உறங்கிப் பின் விழித்தவர். தளத்தை நெருங்கும்போது இருக்க வேண்டிய உயரத்தைப் போல ஏறத்தாழ இருமடங்கு உயரத்தில் இருந்தார்கள். துணை விமானி சொன்னார்: "சுற்றிவந்து மறுபடி இறங்குவோம்." ஒருமுறையல்ல, மூன்று முறை! கருவியும் கத்தியது. பெரியவர் கேட்கவில்லை. 8,000 அடி ஓடுபாதையிலே பாதிக்கு மேல் கடந்தபிறகு தரையைத் தொட்டது விமானம். மேட்டுத்தளம், முடிவிலே பள்ளத்தாக்கு.

அந்தத் துணை விமானியின் முன்னேயும் ஒரு கைப்பிடி இருந்தது. பிடித்து இழுத்திருக்கலாமே என்று எளிதாகக் கேட்கிறோம். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டிலே கற்பிக்கிறோம்; வாத்தியாரைக் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்று அடக்குகிறோம்; அலுவலகத்திலே மேலதிகாரியின் கணக்கிலே பிழை கண்டவன் அதைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறான். இருபது இருபத்தைந்து ஆண்டு இப்படிப் பழக்கிவிட்டு, ஒரு விடியற்காலையிலே, சில நொடிக்குள்ளே, "பெரியவர் கையைத் தட்டிவிட்டு நீ இழு" என்றால் கை எழுமா? 1979-லேயே அமெரிக்காவின் நாசா இதை ஆராய்ந்து, முன்னறையிலே சிறியவன் பேசவும் பெரியவன் கேட்கவும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. உலகமெங்கும் இன்று அந்தப் பயிற்சி உண்டு. ஏட்டிலே உண்டு, ஏற்பாட்டிலே உண்டு. மூன்று முறை சொன்ன பிறகும் கேட்காத செவிக்கு என்ன பயிற்சி என்பதுதான் கேள்வி.

"கருவியை நம்பினால் போதும், மனிதனை விலக்கிவிட்டால் விபத்து தீர்ந்தது" என்கிற அறிவாளிகளும் இருக்கிறார்கள். 1992 ஜனவரி 20 அன்று பிரான்சிலே ஸ்ட்ராஸ்பூர் அருகே மலையில் மோதியது புத்தம் புதிய வகை ஏர்பஸ் ஏ320. 87 பேர் மாண்டார்கள். அதிலே ஒரே திருகு, ஒரே சிறு சாளரம், இரண்டு வேலை: இறங்கும் சரிவையும் காட்டும், இறங்கும் வேகத்தையும் காட்டும். 3.3 பாகைச் சரிவிலே இறங்கு என்று விமானிகள் பதிய நினைத்தார்கள். நிமிடத்துக்கு 3,300 அடி வேகத்திலே இறங்கு என்று கருவி கொண்டது. இதுதான் நடந்திருக்கும் என்று ஆய்ந்தவர்கள் கருதினார்கள். திரையிலே தெரிந்த வேறுபாடு என்ன? நடுவிலே ஒரு புள்ளி! தரை நெருங்குவதை அறிவிக்கும் கருவியாவது கூவியிருக்குமே என்பீர்கள். அந்த விமானத்தில் அது பொருத்தப்படவே இல்லை. புள்ளி வைத்தவர்களும் மனிதர்கள்தானே? அந்த விபத்துக்குப் பிறகு திரையிலே நான்கு இலக்கமும் தெரியும்படி மாற்றினார்கள். முதலிலேயே மாற்றியிருந்தால் இரண்டு இலக்கம்தான் கூடுதல் செலவு.

காலி வழக்குக்கு வருகிறேன். கொலம்பிய அரசின் அறிக்கை விமானிகளின் தவறே காரணம் என்றது. கணிப்பொறியும் வரைபடமும் மாறுபட்ட பெயர் முறையில் இருந்ததைத் துணைக் காரணங்களிலே சேர்த்தது. மாண்டவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு தந்த விமானக் கம்பெனி, "தவறு எங்களுடையது மட்டுமா?" என்று வழக்கு மன்றம் ஏறியது. 2000-ம் ஆண்டிலே மயாமி நீதிமன்றத்தில் ஜூரிகள் பங்கு பிரித்தார்கள்: நூற்றுக்கு 75 பங்கு விமானக் கம்பெனி, 17 பங்கு வழித்தரவு தொகுத்த ஜெப்பசன், 8 பங்கு கணிப்பொறி செய்த ஹனிவெல். பங்கு சரியா தப்பா என்று நான் சொல்ல வல்லவனல்ல. ஆனால் கணக்குப் பாருங்கள்: "விமானி தவறு" என்று ஒரே சொல்லிலே முடித்திருந்தால் அந்தக் கால் பங்கு யார் கணக்கிலும் வராமல் மறைந்திருக்கும், அடுத்த விமானத்திலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

விமானத்தைச் சூழ்ந்துள்ள மலைகளின் உயரத்தையெல்லாம் நினைவிலே வைத்திருந்து, பத்து நொடிக்கு முன் அல்ல, ஒரு நிமிடத்துக்கு முன்பே எச்சரிக்கும் புதுக் கருவியை ஹனிவெல்லின் பொறியாளர் டான் பேட்மன் குழுவினர் உருவாக்கினார்கள். காலி விபத்துக்குப் பிறகு அதற்கு வரவேற்பு பெருகியது. அமெரிக்க அரசு 2000-ல் கட்டாயமாக்கி, 2005-க்குள் பொருத்த வேண்டும் என்றது. விமானம் மலையில் மோதுவது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. 2023-ல் மறைந்த பேட்மனுக்கு எந்த ஊரிலே சிலை இருக்கிறது? கோயில் கட்டச் சொல்லவில்லை. பெயராவது தெரிய வேண்டாமா?

கருவியைவிட எனக்கு வியப்பளித்த ஏற்பாடு ஒன்று உண்டு. 1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514-வது எண் விமானம், வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் தளத்திலே இறங்க வந்தது. "இறங்கு முறையைத் தொடங்கலாம்" என்றார் கட்டுப்பாட்டாளர். "1,800 அடிக்கு இறங்கலாம்" என்று புரிந்துகொண்டார் விமானி. நடுவே மலை. 92 பேரும் மாண்டார்கள். விசாரித்தபோது தெரிந்த செய்தி நெஞ்சை அறுப்பது: ஆறு வாரம் முன்பு அதே இடத்திலே, அதே சொல்லால், அதே தவறைச் செய்து, மயிரிழையில் தப்பியிருக்கிறது யுனைட்டெட் கம்பெனி விமானம் ஒன்று! அந்த விமானி மறைக்கவில்லை. தன் கம்பெனியிலே சொன்னார். கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. பக்கத்துக் கம்பெனிக்கு யார் சொல்வது? சொல்ல வழி இல்லை. அதன் விளைவாக 1976-ல் ஒரு ஏற்பாடு பிறந்தது: எந்த விமானியும், எந்தக் கட்டுப்பாட்டாளரும், தான் செய்த பிழையை நாசாவுக்கு எழுதலாம். பெயர் வெளிவராது. அதைப் பிடித்துக்கொண்டு தண்டிக்க மாட்டார்கள். பிழை மட்டும் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஒப்புக்கொண்டவனை அடிப்பதில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளை உண்மை பேசும் என்பது நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரிந்த செய்தி. விமான உலகம் 92 உயிர் கொடுத்துக் கற்றது.

அந்த 514-வது விமானம் விழுந்த மூன்றாம் நாள், டிசம்பர் 4 இரவு, நம் தமிழர் வாழும் இலங்கை மலையகத்திலே, மஸ்கெலியா பக்கம், ஏழு கன்னியர் மலை என்று பொருள்படும் சப்த கன்னியா தொடரிலே, மார்ட்டின் ஏர் என்ற டச்சுக் கம்பெனியின் டி.சி.8 விமானம் மோதியது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் செல்வதற்காகப் புறப்பட்ட 182 பயணிகளும், 9 பணியாளர்களும், ஆக 191 பேரும் மாண்டார்கள். கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இறங்க வேண்டியவர்கள். தளம் நெருங்கிவிட்டது என்று எண்ணித் தேயிலை மலைக்குள்ளே இறங்கிவிட்டார்கள். விமானத்திலிருந்த கருவி காட்டிய இடம் ஒன்று, இருந்த இடம் வேறு. அந்த விமானத்தின் டயர் ஒன்று நோர்ட்டன் பிரிட்ஜ் ஊரிலே நினைவுப்பொருளாக வைக்கப்பட்டது.

நான்கே ஆண்டு கழிந்தது. 1978 நவம்பர் 15. அதே சுரபாயாவுக்கு, ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அதே கட்டுநாயக்கா. ஐஸ்லாந்துக் கம்பெனியின் டி.சி.8. ஓடுபாதைக்கு முன்னே தென்னந்தோப்பிலே விழுந்தது. 262 பேரில் 183 பேர் மாண்டார்கள். இறங்கு முறையை விமானிகள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்றது இலங்கை அரசின் முடிவு. தளத்திலிருந்த வழிகாட்டிக் கருவியும் கட்டுப்பாட்டாளர்களின் தகவலுமே கோளாறு என்றனர் ஐஸ்லாந்துக்காரர்களும் அமெரிக்கர்களும். கருவி யாருடையதோ அந்த அரசு விமானியைக் காட்டியது. விமானி யாருடையவரோ அந்த நாடு கருவியைக் காட்டியது. சுரபாயாவில் காத்திருந்த குடும்பங்களுக்கு இரண்டு அறிக்கை கிடைத்தது.